பதினைந்து வருஷமாக 34

பெங்களூரு நீலசந்திராவில் பேண்ட் தைத்தே நரைத்தவன் நான். ஆண்களின் இடுப்பைப் பற்றி டாக்டர்களுக்குத் தெரியாத இரண்டொரு விஷயம் தையல்காரனுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிய ஆள் சொல்லும் அளவை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. "34 போடுங்க மாஸ்டர், பதினைந்து வருஷமா அதே சைஸ்தான்" என்பார். அது பொய்யும் இல்லை. கல்யாணத்தின்போது தொப்புளை ஒட்டி இருந்த பெல்ட் வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கி, இப்போது தொந்திக்கு அடியில் எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அங்கே 34-தான். மேலே இருக்கும் தொந்தி எந்தக் கணக்கிலும் வராது.

டேப் பட்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளாத ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அளந்து தைத்தால் முதல் சாப்பாட்டுக்கே பட்டன் தெறிக்கும். "பசங்க எந்த ஸ்கூல் சார், பீஸ் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். தொகையைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார், அந்த மூச்சோடு வயிறும் இறங்கி வந்துவிடும். அப்போது எடுப்பதுதான் அளவு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சிவாஜிநகர் மாஸ்டர், நீளம், தொடை, பாட்டம் எல்லாவற்றையும் பையனிடம் சத்தமாகச் சொல்லுவார். இடுப்பை மட்டும் தானே குனிந்து எழுதிக்கொள்வார். கடையில் நாலு பேர் நிற்பார்களாம். இதில் என்ன மானம் போகிறது என்று நினைப்பேன். எனக்கு அப்போது இடுப்பு 28.

சில வருஷம் முன்பு ஒருவர் மகனுக்குக் கோட் தைக்க வந்தார், கூடவே தனக்கும் ஒரு பேண்ட். நான் வழக்கம்போல எழுதிக்கொண்டேன். பையன் நோட்டை எட்டிப் பார்த்து, "அப்பா, 41-ஆ?" என்று கேட்டுவிட்டான். அவர் சிரித்தார். ஆனால் மறுவாரமே எடை மெஷின் வாங்கிவிட்டார், ஜிம்முக்கு ஒரு வருஷப் பணமும் கட்டியாகிவிட்டது. ராத்திரிச் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி. எத்தனை என்று கேட்டேன். குருமா நன்றாக இருந்தால் ஐந்து என்றார்.

ஒரு மாதம் கழித்து நாலு பேண்டோடு வந்தார். "மூணு கிலோ குறைஞ்சிட்டேன் மாஸ்டர், எல்லாத்தையும் டைட் பண்ணுங்க." அளந்தேன். டேப் அசையவில்லை. சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் முதலில் இறங்குவது பெரும்பாலும் உடம்பில் தங்கிய தண்ணீர். கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. யுகாதி போகட்டும் சார் என்று துணியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம்தான்.

யுகாதிக்கு முன்பே ஜிம் நின்றுபோயிருந்தது. மறுபடி கடைக்கு வந்தவரிடம் டேப்பைத் திருப்பிக் காட்டினேன். மறுபக்கம் சென்டிமீட்டர், நாங்கள் தொழிலில் அதைப் பார்ப்பதே இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், எக்காமல் அளந்தால், இந்திய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும் என்று 2009-இல் நம் நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்திருக்கிறார்கள். இன்ச்சில் ஏறத்தாழ 35½, 31½. கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு. சர்க்கரை வருவதும் அந்த வழியில்தான்.

அவர் முகம் வாடியதால் லண்டன் கதையைச் சொன்னேன். ஜெர்ரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். டபுள் டெக்கர் பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவரையும், படியேறி இறங்கும் கண்டக்டரையும் ஒப்பிட்டு, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-இல் எழுதினார். நம் ஊர் பஸ் பி.டி.எஸ்.-ஆக இருந்த காலத்திலும் டபுள் டெக்கர் ஓடியது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த டாக்டர் அதோடு விடவில்லை. யூனிபார்ம் தைத்த கணக்கை வாங்கி, பேண்ட் இடுப்பளவை வைத்தே 1956-இல் இன்னொரு கட்டுரை. எங்கள் நோட்டுக்கு அந்த மரியாதை கொடுத்த டாக்டர் வேறு யாரும் இல்லை! டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது, அதுவும் இளவயதிலேயே. அப்படியானால் தொந்திதான் காரணமா என்றால், அதுவும் இல்லை. பின்னாளில் பார்த்தபோது, தொந்தியுள்ள கண்டக்டருக்குக்கூட அதே தொந்தியுள்ள டிரைவரைவிட ஆபத்து குறைவு. மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

"அப்போ தொந்தி இருந்தாலும் படி ஏறணும்கிறீங்க" என்றார். ஏறினார். ஆபீஸில் லிப்ட்டை விட்டார். காலையில் அப்பாவும் மகனும் சாந்திநகர் வழியாக லால்பாக் வரை நடந்தார்கள். முந்நூறு கோடி வருஷத்துப் பாறை என்று அங்கே ஒன்று இருக்கிறதே, அதன்மேல் கெம்பேகவுடா கோபுரம் வரை ஏற முதலில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்ததாம். இறங்கியதும் தர்ஷினி ஓட்டலில் மசாலா தோசை சாப்பிட்டதையும் மறைக்காமல் சொன்னார். நடக்கிற நடையைத் தோசை தின்றுவிடும் என்பார்கள். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோசைக்காகவாவது பையன் எழுந்து வருகிறானே.

ஆவணியில் வந்தார். எடை மெஷினில் பெரிய மாற்றம் இல்லை என்று அலுத்துக்கொண்டார். பீஸ் பற்றிக் கேட்காமலே அளந்தேன், எக்கவில்லை. 39½. இன்னும் நாலு இன்ச் பாக்கி. ஆனாலும் பின் தையலைப் பிரித்து நாலு பேண்டையும் பிடித்துக் கொடுத்தேன். உள்ளே மிஞ்சிய துணியைப் பார்த்துவிட்டு, "இது இனிமே எதுக்கு, வெட்டிடுங்க மாஸ்டர்" என்றார்.

"இருக்கட்டும் சார்," என்றேன், "தீபாவளி வருதில்ல?"