நமது கட்டியங்காரன்

சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி வைத்திருப்பதில் உண்டாகும் பெருமை இரண்டு வகைப்படும். தெருவில் பத்துப் பேர் பார்க்கும்போது உண்டாகும் பெருமை ஒன்று. ஒருவரும் பார்க்காதபோதும் இருக்கும் பெருமை மற்றொன்று. முதல் வகைக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. அண்டை வீட்டுக்காரர் நம்முடையதைவிடப் பெரிய வண்டியாக ஒன்று வாங்கிவிட்டால், அந்தக் கணமே அது மறைந்து போகும். ஆகையால் அந்தப் பெருமையை உடையவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வண்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. பாங்கிக்காரர்களுக்கு இதில் மிகுந்த சந்தோஷம்.

இரண்டாவது வகைப் பெருமையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம். அதைப் பெருமை என்பதைக்காட்டிலும் அபிமானம் என்று சொல்வதே பொருந்தும். குடியானவனுக்குத் தன் உழவு மாட்டின்மேலும், பாடகருக்குத் தம் தம்பூராவின்மேலும் இருக்கிறதே, அந்த மாதிரி அபிமானம். அதற்கு வேடிக்கை பார்க்க ஆள் வேண்டியதில்லை.

நம்மிடம் இருப்பது, 1970-ம் வருஷத்தில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வண்டி. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மோட்டார் எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். 2009-ம் வருஷத்தில் நாம் இதற்குக் கொடுத்த விலை, அப்போது கடையில் விற்ற ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைதான். விற்றவர் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர். பணத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டியின் முதுகை ஒரு தரம் தடவிவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போய்விட்டார்.

"ஹெரால்டு" என்ற இங்கிலீஷ் வார்த்தைக்குக் கட்டியங்காரன் என்று பொருள். ராஜா சபைக்கு வருமுன்னே, "பராக்! பராக்!" என்று கூவிக்கொண்டு ஒருவன் வருவானே, அவன்தான். நமது வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. கும்பகோணத்தில் நாம் தெருமுனை திரும்பும்போதே, வீட்டில் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏறிவிடும்.

இந்த வண்டியின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற மோட்டார்களில் பானெட்டைத் தூக்கி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் யந்திரத்தைப் பார்க்க வேண்டும். ஹெரால்டில் அப்படியில்லை. இரண்டு பக்கத்திலும் உள்ள கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதுமே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நாலு சிலிண்டர்களும் உள்ள யந்திரம், ஒளிவு மறைவின்றி வெட்ட வெளியில் நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்து டயரின்மேலேயே, திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். நமது வண்டியைப் பல வருஷமாகப் பார்த்து வரும் மெக்கானிக் பாய் ஒரு நாள் சொன்னார்: "சார், இதைப் பண்ணினவன், ரிப்பேர் பண்றவனோட இடுப்பை நினைச்சுப் பார்த்துப் பண்ணியிருக்கான்." எந்தப் பொருளையும் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைக்குமா என்பது சந்தேகந்தான்.

இன்னொரு விசேஷம், திரும்புவது. ஏறக்குறைய 25 அடி அகலம் இருந்தால் போதும். முழு வட்டமாகத் திரும்பிவிடும். பெரிய பெரிய புது வண்டிகள் நமது தெருவுக்குள் நுழைந்துவிட்டு, முன்னும் பின்னுமாக நகர்ந்து தத்தளிக்கும்போது, நமது கட்டியங்காரன் ஒரே வீச்சில் திரும்பிக்கொண்டு போவதைப் பார்த்தால், இரண்டாவது வகைப் பெருமைக்காரருக்குக்கூட முதல் வகைப் பெருமை கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

இந்த வண்டியின் ஜாதகம் இந்தியாவில் எழுதப்பட்டதல்ல. 1959-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் பிறந்தது. உருவம் வகுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்தச் சமயத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்து வந்த தொழிற்சாலை, போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆகவே, முழுக் கூட்டை ஒரே துண்டாகச் செய்வதை விட்டு, பல பாகங்களாகச் செய்து, இரும்புச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் முடுக்கினார்கள். அங்கே கஷ்ட காலத்தில் பிறந்த யோசனை, இங்கே நமக்கு அனுகூலமாக முடிந்தது. அப்படிப்பட்ட வண்டியைத் தொழில் வளம் குறைந்த தேசத்திலும் செய்யலாம் அல்லவா?

நம் தேசத்தில் மோட்டார்த் தொழிலின் கதை சுவாரஸ்யமானது. 1928-ம் வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் ஒரு தொழிற்சாலை வைத்தது. சிறிது காலத்துக்குள் போர்டு கம்பெனியும் வந்தது. பெட்டிகளில் வந்த பாகங்களைச் சேர்த்து முடுக்கி விற்பதுதான் அங்கே நடந்த வேலை. மோட்டாரை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று 1930-களில் விசுவேசுவரய்யாவும், வால்சந்த் ஹீராசந்தும் பாடுபட்டார்கள். அன்னிய சர்க்கார் அதற்குக் கைகொடுக்கவில்லை. அப்படியும் 1942-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944-ல் பிரீமியர் கம்பெனியும் தோன்றின. சுதந்திரம் வந்ததை ஒட்டிச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஏற்பட்டது. வண்டியை இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் உண்டு என்ற கொள்கை 1953-ல் வந்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் மறு வருஷமே கடையைக் கட்டிற்று. அதன் பிறகு கல்கத்தாவுக்கு அம்பாஸடர், பம்பாய்க்குப் பியட் என்று ஆனது போல், 1961 முதல் சென்னைக்கு ஹெரால்டு என்று ஆயிற்று.

"உருவம் இத்தாலியருடையது, யந்திரம் இங்கிலீஷ்காரருடையது, இதில் சுதேசிப் பெருமை எங்கே வந்தது?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டியின் பக்கம் கையைக் காட்டி, கதவுகளை எண்ணிப் பார்க்கும்படி சொன்னோம். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுகள். பின்னால் உட்காருகிறவர் முன் ஆசனத்தை மடக்கிவிட்டு, குனிந்து நுழைய வேண்டும். பாட்டி, பேரன், பலகாரத் தூக்கு, பித்தளைக் குடம் சகிதமாகக் கல்யாணத்துக்குப் புறப்படும் நம்மவர்களுக்கு அது சரிப்படுமா? 1960-களின் பிற்பகுதியில் சென்னைத் தொழிற்சாலைக்காரர்கள் நாலு கதவு வைத்த ஹெரால்டு ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். பிறந்த வீட்டில் இல்லாத இரண்டு கதவுகளைப் புகுந்த வீட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட வித்தையை நம் வீட்டுத் தேவைக்குத் தக்கபடி திருத்தத் தெரிந்த அன்றைக்கே அது சுதேசியாகிவிட்டது என்பது நமது கட்சி.

அந்தத் தொழிற்சாலை நீடிக்கவில்லை. ஹெரால்டுக்குப் பின் 1972-ல் கெஸல் என்ற வண்டி வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியைச் செய்து பார்த்தார்கள். அது எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி அடியோடு நின்றது. ஆகவே, நம் வண்டிக்கு இன்று தாய் வீடு என்று ஒன்று கிடையாது. உறுப்பு ஏதாவது தேய்ந்தால், பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். அல்லது லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும்.

நேயர்களிடம் உண்மையை மறைப்பானேன்? இந்த வண்டியில் குளிர்ச்சி சாதனம் கிடையாது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் இதில் பிரயாணம் செய்வது ஒரு விதத் தபசு. காற்றுப் பைகள் கிடையாது. ஆகையால் மணிக்கு 60 கிலோமீட்டருக்குமேல் நாம் ஓட்டுவதில்லை. பெட்ரோலில் இப்போது நூற்றுக்கு 20 பங்கு வரையில் எதனால் கலந்து வருகிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் சரக்கு, தேசத்தின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கிறது, சந்தோஷந்தான். ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதைத் தாங்கக்கூடிய புதுக் குழாய்கள் போட வேண்டியிருந்தது.

இந்த வண்டிக்கு எண்ணெய் விடுவதே ஒரு சாஸ்திரம். முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமாகக் கீழே ட்ரன்னியன் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. மற்ற இடங்களுக்கு விடுவதுபோல் இதற்குக் கிரீஸ் விடக்கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். உலர விட்டால், என்றாவது ஒரு நாள் சக்கரமே ஒடிந்து சாய்ந்துவிடும். இதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர் பாய். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீண்ட திருப்புளியின் முனையை யந்திரத்தின்மேல் வைத்து, கைப்பிடியைத் தம் காதோடு சேர்த்துக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று அப்புறம் சொல்லுவார். சொன்னது தப்பியதில்லை. அவருடைய பிள்ளை புது வண்டிகள் விற்கும் ஒரு பெரிய கம்பெனியில், கம்ப்யூட்டரைப் பொருத்திக் கோளாறு கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறார். அதிலும் பாய்க்குப் பெருமைதான். "ஆனா சார், அவனுக்குக் காது வேணாம். கண்ணு இருந்தாப் போதும்" என்பார்.

இப்படியிருக்கையில், வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் மறுபடியும் வந்தது. சொந்தக் கார்களுக்குப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. இருபது வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அது 10,000 ரூபாய் ஆயிற்று. சர்க்காரைக் குறை சொல்வதற்கில்லை. பழைய வண்டிகள் புகை விடுகின்றன, தெருவில் நின்றுவிடுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நாமும் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது, பரீட்சை எழுதும் மாணாக்கனைப் போல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் பழைய வண்டிகளைச் சேகரிக்கும் கனவான் ஒருவரிடமிருந்து நமக்கு ஆள் வந்தது. 2021-ம் வருஷத்து விதிகளின்படி, ஐம்பது வருஷத்தைக் கடந்து, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு வின்டேஜ் என்ற தனி அந்தஸ்து உண்டு. நம் வண்டி அதற்குத் தகுதியானது என்றும், நாம் கொடுத்த விலையைப் போல் எட்டு மடங்கு தருவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பணம், நமது புத்திரியின் காலேஜ் சம்பளத்துக்கு இரண்டு வருஷம் காணும். நமக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தோம். அந்த அந்தஸ்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கண்காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் போகலாம். தினசரி காரியங்களுக்குத் தெருவில் ஓடக்கூடாது. அதாவது, பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது. காய்கறிக் கடைக்குப் போகக்கூடாது. பிரசவ வலி கண்ட அண்டை வீட்டுப் பெண்ணை நடுநிசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடாது. இவை மூன்றும் நமது கட்டியங்காரன் செய்திருக்கிற காரியங்கள்.

பெண்ணைக் கூப்பிட்டு, "உன் படிப்புக்கு ஆகும் பணம், நீயே சொல்லம்மா" என்றோம்.

"அவர் இதை ஓட்டுவாராப்பா?"

"ஓட்டமாட்டார். துடைத்துக் கூடத்தில் நிறுத்தி வைப்பார்."

அவள் பதில் சொல்லாமல் தாயாரைப் பார்த்தாள். நமது சகதர்மிணி ஏற்கெனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில், வண்டிக்கு வருஷம் முழுவதும் ஆகும் செலவு: பாயின் கூலி, எண்ணெய், லேத்துப் பட்டறை, புதுப்பிப்புக் கட்டணத்தில் ஒரு வருஷத்துப் பங்கு. மறு பக்கத்தில், இதை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கினால் பாங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை. எட்டு மடங்குப் பணமும் மூன்று வருஷத்துக்குள் தவணையிலேயே கரைந்து போகும் என்று கணக்குச் சொல்லிற்று. "வண்டியே இல்லாமல் இருந்துவிடலாம், அப்போது மிச்சந்தான். ஆனால் உங்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் யார் இருப்பது?" என்று அவள் முடிவு கட்டினாள். 10,000 ரூபாயைக் கட்டி, சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நமது வாசலில் பாடம் நடக்கிறது. முன்பாகத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, நமது வகுப்பு மாணாக்கர்களுக்கு நாலு சிலிண்டர் யந்திரம் வேலை செய்யும் விதத்தை நாம் விளக்குகிறோம். புது வண்டிகளில் பிளாஸ்டிக் மூடிதான் கண்ணுக்குத் தெரியும். இதில் தீப்பொறி போகும் வழியை விரலால் தொட்டுக் காட்டலாம். பாடம் முடிந்ததும் பாய் வருவார். அவருடைய கை சிறிது நடுங்க ஆரம்பித்திருக்கிறது. ஆகையால் அவர் டயரின்மேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ட்ரன்னியனுக்கு எண்ணெய் விடுவது நமது பெண். "கிரீஸ் இல்லேம்மா, ஆயிலு! ஆயிலு!" என்று அவர் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துகிறார். அவளுக்கு அது எப்போதோ மனப்பாடமாகிவிட்டது. இருந்தாலும், "சரி பாய்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள்.

பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதியிருப்பதனால் மட்டும் ஒரு வண்டி நம்முடையதாகிவிடாது. வண்டலூரில் அதை முடுக்கியவர்களுக்கும், திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்கிறவருக்கும், எண்ணெய் விடுகிற கைக்கும் அதில் பாத்தியதை உண்டு. அவர்களோடு ஒரு பங்காளியாக நாமும் இருக்கிறோம் என்பதுதான் நமது பெருமை. அடுத்த புதுப்பிப்பு இன்னும் ஐந்து வருஷத்தில் வரும். அதற்குள் காதால் கேட்கவும் அந்தப் பெண் கற்றுக்கொண்டுவிடுவாள் என்று பாய் சொல்லியிருக்கிறார்.