கல்முனைக் கரையும் ராத்தாவின் பாதமும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பஸ்ஸில் வந்தால் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊர்கள் தொடர்ந்து வரும். எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூரார் கண்டுபிடிப்பது கஷ்டம். மேற்கே வயல், கிழக்கே கடல். நான் பிறந்து வளர்ந்தது இந்தக் கரையில்தான். கணவரின் தொழிலுக்காகக் கொழும்பில் குடியேறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பள்ளிக்கூட விடுமுறை வந்ததும் பிள்ளைகளோடு சாய்ந்தமருதில் ராத்தா வீட்டுக்குப் போய்விடுவேன்.

இம்முறை என் பயணப் பையில் ஒரு புதுப் பொருளும் இருந்தது. கட்டாரிலிருந்து வந்த தம்பி கொண்டுவந்து தந்த சப்பாத்து. அடிப்பாகம் ஒரு விரல் கனம்கூட இல்லை. குதி உயரமில்லை. விரல்கள் விரிந்திருக்க முன்பக்கம் அகலம். கையால் சுருட்டினால் பாய்போலச் சுருண்டுகொள்ளும். வெறுங்காலோடு நடப்பது போலவே இருக்கும், காலுக்கு முள்ளும் கல்லும் மட்டும் ஏறாது என்றான் தம்பி.

ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இது சப்பாத்தா, காலுறையா புள்ள? இதுக்குக் காசு குடுத்து வாங்குறாங்களா? நம்மட மூத்தம்மா காசில்லாமலே இப்படித்தானே நடந்தா!"

அவ சொன்னதும் சரிதான். எங்கள் ஊர்கள் வெறுங்காலில் வளர்ந்தவை. கரைவலை இழுப்பவர்கள் ஈரமணலில் குதியை ஊன்றித்தான் இழுப்பார்கள். மருதமுனை நெசவாளர் தறியின் மிதியை வெறுங்காலால்தான் மிதிப்பார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நாங்கள் சப்பாத்தில்லாமல் ஓடினோம். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மரதன் ஓட்டம் முழுவதையும் வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடியும் அவரே வென்றார்!

சுபஹ் தொழுது, விடியும் வெளிச்சத்தில் நானும் ராத்தாவும் கடற்கரைக்குப் போனோம். பெண்கள் கூச்சமின்றி நடக்க எங்களுக்கு அந்த நேரம்தான் வாய்க்கும். ராத்தாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் பல தடவை சொல்லியும் அவ அசையவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி இருக்கும் திசை நோக்கி நடந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்துவந்து எத்தனையோ வீடுகளைக் கொண்டுபோன கரை இது. அன்று இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். புதுச் சப்பாத்தோடு நடக்கையில் மணலின் குளிர்ச்சியும் சிப்பியின் விளிம்பும் காலுக்குத் தெரிந்தன. பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன.

மூன்றாம் நாள் ராத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டா. "உனக்கு அரைவாசி வெறுங்கால் எண்டா எனக்கு முழு வெறுங்கால்!" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றும்போது என் மகள் கத்தினாள்: "பெரியம்மா, நிலமெல்லாம் இரத்தம்!" ராத்தாவின் குதியில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவவுக்கே தெரியாது. வலிக்கவேயில்லை என்றா. எனக்கு அதுதான் பயத்தைத் தந்தது.

ஆஸ்பத்திரியில் துண்டை எடுத்துக் கட்டுப்போட்ட பின், தாதி ஒருவர் ராத்தாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் நூலால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டார். "படுதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். பாதி இடங்களில் ராத்தா பேசாமல் இருந்தா. நீண்டகாலம் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் கெட்டு உணர்வு குறையும், இரத்த ஓட்டமும் குறைந்து காயம் ஆறத் தாமதமாகும், புண் முற்றினால் காலையே எடுக்க நேரிடலாம் என்று விளக்கினார். குற்ற உணர்வோடு நான் தலைகுனிந்து நின்றேன். நடக்கக் கூட்டிப்போனது சரி. அந்தக் காலைக் கவனிக்காமல் விட்டது என் பிழை.

சகோதரிகளே, இந்த மெல்லிய சப்பாத்தில் ஒரு குற்றமும் இல்லை. உணர்வுள்ள காலுக்கு அது நல்ல தோழி. ஆனாலும் குதி உயர்ந்த செருப்புக்குப் பழகியவர்கள் உடனே அதில் ஓடினால் கெண்டைக்காலும் குதிநரம்பும் நோகும். முதலில் வீட்டுக்குள், பிறகு பத்து நிமிட நடை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். அது எல்லா நோயையும் தீர்க்கும் என்ற பேச்சை நம்பவும் வேண்டாம். விரல்களுக்குத் தனித்தனி உறை வைத்த சப்பாத்தை விற்ற விப்ரம் கம்பனி, அதன் நன்மைகளை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து, 2014இல் முப்பத்தேழரை இலட்சம் டொலர் தந்து அதைத் தீர்த்துக்கொண்டது.

உணர்வு குறைந்த காலுக்கோ வீட்டுக்குள்ளும் பாதணி வேண்டும். முன்பக்கம் மூடிய, உள்ளே மெத்தென்ற, இறுக்காத சப்பாத்தே நல்லது. போடுமுன் உள்ளே கைவிட்டுப் பார்த்து உதறவேண்டும். சுடுநீரின் சூட்டைக் காலால் பார்க்கக்கூடாது. காய்ப்பைப் பிளேட்டால் வெட்டக்கூடாது. சிறு காயமென்றாலும் அன்றே டொக்டரிடம் காட்டவேண்டும்.

வுழூச் செய்ய ஒரு நாளில் பல தடவை கால் கழுவுகிறோம். கழுவிய கையோடு விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, ஒரு நேரமாவது உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத உம்மாவுக்கு மகள் பார்த்துச் சொல்லட்டும்.

ராத்தாவின் காயம் அல்லாஹ்வின் உதவியால் ஆறிவிட்டது. மெல்லிய சப்பாத்தை ஓட்டத்தில் ஆசையுள்ள அவவின் மகளுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். ராத்தா இப்போது மெத்தென்ற மூடிய சப்பாத்தில் கடற்கரைக்குப் போறாவாம். நேற்றுப் போனில் சொன்னா: "மணல் காலுல படல்ல எண்டு ஒரு கவலைதான் புள்ள. ஆனா கால் கிடக்கே, அது போதும்."