ஒன்றா, இரண்டா?

வாழ்வின் பெரிய வினாக்களுக்கு விடை கூற நூல்கள் பல உள்ளன. சிறிய வினாக்களுக்கோ நாமே விடை தேட வேண்டியிருக்கிறது. அவ்வாறு எங்கள் இல்லத்தை ஏறத்தாழ ஒரு திங்கள் அலைக்கழித்த சிறு வினா ஒன்றினை இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அண்டை வீட்டு மாடிப்படியின் அடியில் ஒரு பூனை நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. அவற்றுள் இரண்டினை உறவினர் கேட்டு வைத்திருந்தனர். எஞ்சியவை செவலை ஒன்றும், கறுப்பும் வெள்ளையும் கலந்தது ஒன்றும். “எட்டு வாரம் நிறையட்டும், ஒன்றோ இரண்டோ, விரும்பியதை எடுத்துச் செல்லுங்கள்” என்றார் அவ்வீட்டுப் பெரியவர்.

குட்டியை நாங்கள் நாடியதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் இருவருமே ஆசிரியப் பணியில் இருப்பவர்கள். காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் இல்லம் திரும்ப மாலை ஐந்தாகிவிடும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கச் சென்றபின், எழுபத்தெட்டு அகவையுடைய உம்மா பகலெல்லாம் தனியே இருக்கலானார். அவருக்குத் துணையாக ஒரு பூனைக்குட்டி இருக்கட்டும் என்பது எங்கள் எண்ணம். துணைக்கு ஒன்று போதாதா? இரண்டு எதற்கு? இவ்வாறுதான் முதலில் கணக்கிட்டோம்.

ஆயினும் மனம் துணியவில்லை. பழைய நினைவு ஒன்று குறுக்கே நின்றது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் மாடி வீடொன்றில் குடியிருந்தோம். மழையில் நனைந்து கிடந்த, ஒரு மாதமே ஆகியிருக்கக்கூடிய குட்டி ஒன்றை இரக்கத்தால் எடுத்து வந்தோம். காலையில் கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்துக் கதவைப் பூட்டிச் செல்வோம். பகல் முழுதும் அது கத்திக்கொண்டே இருப்பதாகக் கீழ் வீட்டார் கூறினர். மாலையில் நாங்கள் நுழைந்ததும் கையையும் காலையும் கடித்துப் பிறாண்டும். ‘சேட்டை’ என்று அதட்டினோம். வயிற்றுப்போக்கும் அதனை விடாது வருத்தியது. ஒருநாள் சன்னல் கம்பிகளுக்கிடையே வெளியேறிய அது மீளவே இல்லை. ஓடிப்போய்விட்டது என்று பிறரிடம் சொன்னோம். அது ஓடிப்போனதா, நாங்கள் ஓட்டினோமா என்ற கேள்வியை எங்களுக்குள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரைதேடி உண்ணவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் அதன்பொருட்டு நரகத்துக்கு உரியவளானாள் என்று அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காணப்படுகிறது. அதனை மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். நாங்கள் உணவு வைத்தோமே என்று தேறுதல் கொள்ளலாம். ஆனால் பூட்டிய கதவு எங்களுடையதுதான் அல்லவா?

இதே மார்க்கம் மற்றொரு காட்சியையும் காட்டுகிறது. நபித்தோழர் அபூகத்தாதா (ரலி) அவர்கள் தொழுகைக்குத் தூய்மை செய்துகொள்ள, அவர்தம் மருமகளார் கப்ஷா தண்ணீர் வார்த்து வைத்தார். பூனையொன்று குடிக்க வந்தது. அவர் விரட்டவில்லை. அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது நம்மிடையே சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார். ஆட்டிடையராய் இருந்த காலத்தில் குட்டிப்பூனை ஒன்றை உடன் வைத்து விளையாடியதால் ‘அபூஹுரைரா’, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்று பெயர் பெற்ற நபித்தோழரையும் நாம் அறிவோம். வீட்டில் சுற்றி வரும் உயிர் அலங்காரப் பொருளன்று, வீட்டாருள் ஒன்று.

இம்முறை அறிந்தோரைக் கேட்டே முடிவெடுப்போம் எனக் கால்நடை மருத்துவரை நாடினோம். அவர் கூறியவை எங்கள் பழைய பிழைகளை ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டின. குட்டிகள் உடன்பிறந்தவற்றோடு மல்லுக்கட்டி விளையாடும்போதுதான் எவ்வளவு கடிக்கலாம், எப்போது விடவேண்டும் என்பதைக் கற்கின்றன. அளவு மீறிக் கடித்தால் மற்றது கத்தி விலகிவிடும், அதுவே பாடம். தாயையும் உடன்பிறப்பையும் முன்னதாகவே பிரிந்த குட்டிக்கு அப்பாடம் கிட்டுவதில்லை. பசும்பாலின் பாற்சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. நீரும் ஏற்ற உணவுமே போதும். ஆளில்லாத வீட்டில் பகலெல்லாம் இருக்க நேரும் குட்டிக்கு உடன்பிறப்பு நல்ல துணை. ஒன்றை வளர்த்துப் பெரிதாக்கியபின் மற்றொன்றைக் கொணர்ந்தால், தன் எல்லையைக் காக்கும் இயல்பால் முன்னது எளிதில் இடங்கொடாது.

மறுபக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு எனில் உணவும் தடுப்பூசியும் மணல் தட்டும் இரண்டிரண்டு. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத அளவில் தவறாது போடவேண்டும். ஆணும் பெண்ணுமாயின், உடன்பிறந்தவையே ஆனாலும் நான்கைந்து மாதங்களிலேயே கருவுறக்கூடும். ஆகவே கருத்தடை அறுவை கட்டாயம். இதுபற்றி ஆலிம் ஒருவரிடமும் வினவினோம். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்றும், உயிருக்குத் தீங்கின்றி, பின்னர்க் குட்டிகள் தெருவில் வாடாதிருக்கும் நோக்கில் செய்தல் ஆகும் என்பதே தம் கருத்தென்றும் அவர் விளக்கினார்.

தமிழ் பயிற்றுவோர்க்கு எதிலும் இலக்கணம் தோன்றும். ‘சலசல’ என்னும் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருளில்லை; ‘வா வா’ என்னும் அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் உண்டு. இக்குட்டிகள் இவற்றுள் எவ்வகை? எந்நேரமும் ஆளிருந்து விளையாட்டுக் காட்டும் வீட்டில் ஒற்றைக் குட்டியும் நலமாகவே வளரும் என்று மருத்துவர் சொன்னார். ஆகவே இவை அடுக்குத்தொடரே, பிரித்தல் பிழையன்று. எங்கள் வீட்டில் பிரிப்பது சரியா என்பதே வினா.

செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த இரவில், அதுவரை வாய் திறவாதிருந்த உம்மா கேட்டார்: “எனக்குத் துணைக்குன்னு அதைக் கூட்டிட்டு வர்றீங்க. அதுக்குத் துணை யாரு?”

பிறகு தம் லாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஒரே பாயில் உறங்கி வளர்ந்த அக்காள் 1962-இல் மணமுடித்துக் கொழும்பு சென்றார். வீடு நிறைய ஆள் இருந்தும், அதன்பின் பல நாள் இரவில் பாயின் மறுபாதியைக் கையால் தடவிப் பார்ப்பாராம். இத்தனை ஆண்டுகளில் உம்மா எங்களிடம் சொல்லாத செய்தி அது. நாங்கள் கேட்டதில்லை என்பதே உண்மை.

எழுதிய தாளை மடித்து வைத்தோம். எட்டு வாரம் நிறைந்ததும் இரண்டும் ஒரே கூடையில் வந்தன. முதல் இரவு கட்டிலடியில் ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்து உறங்கின, ஒருமுறைகூடக் கத்தவில்லை. இன்று கிழிந்த திரைச்சீலைகளும், உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்றும், இருமடங்கான செலவும் எங்கள் கணக்கில் உள்ளன. அவற்றுக்காக வருந்தவில்லை.

வருந்தியது வேறொன்றுக்காக. இரு குட்டிகளும் தமக்குள் விளையாடிக்கொண்டிருக்க, உம்மா முன்போலவே வாயிலை நோக்கி அமர்ந்திருந்தார். அவர் வேண்டியது பூனையை அன்று, எங்களை. அதன்பின் மாலையில் இல்லம் நுழைந்ததும் விடைத்தாள் கட்டைப் பிரிக்காமல், அஸர் தொழுகை முடித்து, தேநீரோடு அவரருகே அமர்வதை வழக்கமாக்கிக்கொண்டோம். கொழும்புக் கதைகள் இன்னும் முடிந்தபாடில்லை.

ஓர் உயிரை இல்லத்தில் ஏற்குமுன், அது நமக்கு என்ன தரும் என்று மட்டும் எண்ணாது, அதற்கு நாம் என்ன தரக்கூடும் என்று எண்ணுவோமாக. இரண்டுக்கு வசதியில்லையேல் ஒன்றுக்கு நம் நேரத்தைத் தருவோம். அதுவும் இயலாதெனின் இரண்டையும் ஏற்கும் நல்ல இல்லத்தைக் காட்டுவோம். நம்மிடையே சுற்றி வரும் உயிர்களுள் மிக முதியவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறவாதிருக்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக.