தூர்ந்த துறை

அலை முழங்கிய இடத்தில் வாழைத் தோட்டம் சலசலக்கிறது. நாவாய் நங்கூரம் பாய்ச்சிய சேற்றில் நெற்பயிர் வேர் பாய்ச்சி நிற்கிறது. ஏரலுக்கு அண்மையில், கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல் சூழக் கிடக்கும் அச்சிற்றூரின் பெயர் கொற்கை. பாண்டியர் தம் கொற்றத்துக்கு அடையாளமாய் ஏந்திய கொற்கை. யவனர் நாவில் கொல்கோய் எனப் பெயர் திரிந்தும் புகழ் திரியாத கொற்கை. முத்தீன்று முடியரசரை அணிசெய்த கொற்கை. அதனை எரி உண்ணவில்லை. பகைவர் கழுதை ஏர் பூட்டி உழவில்லை. ஆழி எழுந்து ஓரிரவில் விழுங்கவில்லை. அது தூர்ந்தது.

புகாரை இழந்து அழுவார்க்குக் கடல் உண்டு நோவதற்கு. பறம்பை இழந்து அழுவார்க்கு மூவேந்தர் உளர் பழிப்பதற்கு. கொற்கையை இழந்தார் யாரை நோவது? ஈன்றவளே மூடினாள். பொதிகையிற் பிறந்து 128 கிலோமீட்டர் நடந்து கடல் சேரும் பொருநை, கரைதோறும் ஊரை வளர்த்தாள், ஊர்தோறும் வயலை வளர்த்தாள். வளர்த்த கையாலேயே வண்டல் சுமந்து வந்து, மழைக்கு மழை, வெள்ளத்துக்கு வெள்ளம், தன் வாயிலில் நின்ற துறையின் மேல் இட்டாள். உழவனுக்கு அது வரம். மீகாமனுக்கு அதுவே இழவு. நெல் உயர உயர நீர் தாழ்ந்தது. நீர் தாழத் தாழ நாவாய் விலகின. நாவாய் விலகத் துறை தூர்ந்தது.

எத்துணைப் பழமை மண்ணுள் உறங்குகிறது! தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968-69இல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்று, கிறித்து பிறப்பதற்கு 785 ஆண்டுகள் முற்பட்டதென்று கணிக்கப்பட்டது. தாழியும் உறைகிணறும் எழுத்துக் கீறிய ஓடும் எழுந்து வந்தன. வளைக்கு அறுத்த சங்கின் எச்சமும் வந்தது. அறுத்தவர் கையோ அணிந்தவர் கையோ வரவில்லை. பட்டத்துக்குரிய இளவரசர் வீற்றிருந்து ஆண்ட பதி என்பர் அதனை. மதுரை எரிந்தபின் பத்தினியின் சினம் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்ட வெற்றிவேற்செழியன் கொற்கையிலிருந்தே அரசு செய்தான் என்று சிலம்பு உரைக்கும். பொன்னை உருக்கிய உலைக்களம் அவிந்தது. அக்கசாலை என்னும் பெயர் மட்டும் ஒரு கோயிலைப் பற்றிக்கொண்டு இருக்கிறது.

அழுகிறவன் பொய்யுரைத்தல் ஆகாது. அந்நாளின் ஒளிக்குக் கீழே இருள் இருந்தது. செங்கடல் வழியாக வணிகம் செய்த பெயரறியாத யவனன் ஒருவன், 'பெரிப்ளூசு' என்னும் தன் வழிநூலில், பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிக்கக் குற்றவாளிகளை இறக்கினர் என்று குறித்து வைத்தான். வேந்தன் மார்பில் தவழ்ந்த வடத்தின் ஒவ்வொரு முத்துக்கும் அடியில் அடக்கிய மூச்சு ஒன்று இருந்தது. மீளாத மூச்சும் அவற்றுள் இருந்திருக்கும். முத்தை எண்ணிக் கொண்டார் பலர்; மூச்சை எண்ணியவர் யார்? மூழ்கியவர் பெயரும் அத்துறையோடு தூர்ந்தது.

கடல் விலகியபோது மக்கள் அதன் பின்னே நடந்தனர். கிழக்கே, புதிய கழிமுகத்தில், காயல் எழுந்தது. இன்று பழையகாயல் எனப்படுவது அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ அதனைப் பெருநகர் என வியந்தான். ஓர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கலங்கள் வந்து அடைந்தன. பாண்டிய உடன்பிறந்தார் ஐவருள் மூத்தவன் அங்கே செங்கோல் செலுத்தினான். கடல்வழி வந்தோர்க்குக் காவலும் முறையும் இருந்தன. ஏப்ரலில் தொடங்கி மே நடுவரை முத்துக்குளிக்கும் சலாபம் நடந்ததையும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டியவர்க்கு இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் அளந்ததையும் அவன் எழுதினான். சுறாவைக் கட்டுவோரைக் கடல்கட்டி என்றனர் நம்மவர். சுறாவைக் கட்டத் தெரிந்தவர்க்கு வண்டலைக் கட்டும் மந்திரம் தெரிந்திருக்கவில்லை. காயலும் தூர்ந்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் அங்கே தேடியபோது, சீனப் பீங்கானின் உடைசலும் அரபு நாட்டு ஓட்டுத் துண்டும் மண்ணில் சிதறிக் கிடந்தன. குதிரையின் குளம்படி ஒன்றும் இல்லை. அரசனின் அரண்மனைக் கல் ஒன்றும் இல்லை. உப்பளம் வெண்மை பூத்து அவ்வூர்ப் பக்கத்தில் விரிந்திருக்கிறது.

மீண்டும் கடல் விலகிற்று. மீண்டும் மக்கள் நடந்தனர். ஆறு கடலைத் தொடும் முனையில் புன்னைக்காயல் தலையெடுத்தது. 1530களில், முத்துக்கரையின் உரிமைக்காக நெருக்குண்ட பரதவர் போர்ச்சுக்கீசியரின் துணை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் புன்னைக்காயலில் நெடுங்காலம் தங்கி, மீனவர் வாய்மொழியிலிருந்து தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, மருத்துவமனை நிறுவினார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்து ஈய அச்சில் நின்ற முதற்பொழுதுகளுள் ஒன்று. ஓலை தாளாக மாறிய அந்த விடியலுக்கு வலைமணம் கமழும் இம்மணல்முனை ஒரு தொட்டில். அடிகளார் 1600இல் இங்கே மறைந்தார். அவர் உடலோ தூத்துக்குடியில் அடக்கம் பெற்றது. வணிகமும் காவலும் தலைமையும் அதே வழியில் முன்னரே புறப்பட்டுவிட்டன. நகரம் என்று நிமிர்ந்த புன்னைக்காயல் மீனூர் என்று குனிந்தது. அதன் பெருமையும் தூர்ந்தது.

இம்மூன்று துறைக்கும் ஒரே கதி நேர்ந்ததைக் கண்டும், அதனை இயற்கையின் முறையென்று பொறுத்திருக்கலாம். பின்வந்த காலம் அப்பொறுமைக்கும் இடம் தரவில்லை. முன்னோரைப் புதைத்தது மணல் என்றால், நாம் அம்மணலையே அள்ளினோம். ஆயிரம் ஆண்டுகள் ஆறு சுமந்து வந்து சேர்த்ததை வண்டி வண்டியாய் ஏற்றினோம். ஒருகாலத்தில் சேறு மிகுந்து துறையை அழித்த ஆறு, பின்னர் மணல் குறைந்து எலும்பு தெரிய நின்றது. முதிர்ந்த அகவையில் பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு நீதிமன்றத்தில் தாமே நின்று வழக்காட, 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொருநையில் மணலள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. தன் ஆற்றின் மணலை விட்டுவைக்கச் சொல்லி முறையிடும் நிலைக்கு அந்த நாடு வந்து சேர்ந்தது. துறை தூர்ந்ததற்கு அழுதவர்க்கு ஆறு தோண்டப்பட்டதற்கு அழும் சொல் இருந்ததா? மாரி பொய்த்த ஆண்டில் மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுகளுக்குக் கீழே நீர் இளைத்து உப்பேறுகிறது; 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, கரை எது கழி எது என்று அறியாதபடி எல்லாம் நீராயின.

துறைகள் மூன்றும் போனபின்னும் கடலடியில் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. ஆழத்தைக் காலால் அறிந்து, நீரோட்டத்தைத் தோலால் அறிந்து, கயிறு பிடித்தவன் கையையே உயிரென நம்பி இறங்கிய குடியினர் இருந்தனர். பார் விளைந்த ஆண்டில் சலாபம் கூடும். கூடிய இடத்தில் ஊரே எழும். ஏலம் முடிந்ததும் ஊர் கலையும். சங்க காலத்திலிருந்து வந்த அவ்விழா, நம் கரையில் 1961இல் கடைசியாய் நடந்தது. பிறகு சிப்பி பொய்த்தது, பார் வறண்டது, வளர்ப்பு முத்து அங்காடி நிறைத்தது. இதற்கு அரசவை கூடி இரங்கவில்லை, புலவர் பாடவில்லை, எந்த நாளில் முடிந்தது என்று ஊரிலும் நினைவு வைத்தாரில்லை. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. இரும்புக் கலங்கள் நிலக்கரி சுமந்து வந்து நிற்கின்றன, அடிமட்டத்தை எந்திரங்கள் ஓயாது வாருகின்றன.

சங்கு குளிப்போர் இன்னும் அக்கரையில் உளர். படகின் மேல் கம்ப்ரசர் ஓடுகிறது. காற்றுக் குழாயை வாயிற் கவ்வி அவர்கள் கீழே செல்கின்றனர். குழாய் பழுதானால் மேலே எழ நேரமிருப்பதில்லை. ஒரே மூச்சில் இறங்கி ஒரே மூச்சில் மீண்ட அவர்தம் பாட்டன்மார் கற்றிருந்த கலை, சொல்லிக்கொடுப்பாரும் கேட்டுக்கொள்வாரும் இன்றித் தூர்ந்தது.