பாக்குத் தீவில் ஒரு நிச்சயதாம்பூலம்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். மலேசியாவில் எனக்கு அதுதான் நடந்தது. "பினாங்குன்னா என்னடி அர்த்தம்?" என்று தங்கையிடம் கேட்டேன். "பாக்கு" என்றாள்.

"கேலி பண்றியா?"

"நிஜமாத்தான்க்கா! மலாய்ல புலாவ்னா தீவு, பினாங்னா பாக்கு" என்றவள், அந்த மாநிலக் கொடியைக் காட்டினாள். நட்டநடுவே பாக்கு மரம்!

தங்கை மகளின் நிச்சயதாம்பூலத்துக்காகப் போயிருந்தேன். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, நாள் கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்த ஊர் இது. 1973-ல் அந்தக் கப்பல் ஓட்டம் நின்றுபோனது. நான் விமானத்தில் சொகுசாகப் போனேன்.

ஒரே தீவுக்குத்தான் எத்தனை பெயர்! சீனர்கள் 'பின்லாங்' தீவு என்கிறார்கள். அதுவும் பாக்குதான், மலாய்ச் சொல்லிலிருந்து போனதாம். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இங்கே கொடியேற்றி, இளவரசர் பிறந்தநாளையொட்டி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயர் சூட்டினார். அது நிலைக்கவில்லை. பாக்குதான் ஜெயித்தது! அவர் நகரத்துக்கு வைத்த 'ஜார்ஜ் டவுன்' மட்டும் நிலைத்தது. அதையும் பழைய மலாய்க்காரர்கள் 'தஞ்சோங்' என்றே சொல்கிறார்கள். தஞ்சோங் பெனாகா, அதாவது பெனாகா மரங்கள் நின்ற முனை. பெனாகா எது தெரியுமா? நம் புன்னை! மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. அருவி பக்கத்திலிருக்கும் முருகன் குன்றுக்குத் 'தண்ணீர்மலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தைப்பூசத்துக்கு அங்கே காவடிக் கூட்டம் அலைமோதுமாம்.

விசேஷத்துக்கு முதல் நாள், ஊரிலிருந்து கொண்டுபோன அம்மாவின் பித்தளைப் பாக்குவெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு மலாய் அம்மாள் வந்தார். குழந்தைகள் அவரை 'மக்சிக்' என்கிறார்கள், அத்தை மாதிரி. பார்த்ததும் "கச்சிப்!" என்று கையில் வாங்கிக்கொண்டார். அவர் பாட்டியிடமும் ஒன்று இருந்ததாம். மலாயில் பெண் கேட்பதற்கே 'மெமினாங்' என்றுதான் பெயர் என்றார். உள்ளே பினாங் இருக்கிறது பாருங்கள்! நாம் 'பாக்கு வெற்றிலை மாத்தியாச்சா?' என்கிறோமே, அதேதான். பொருத்தமான ஜோடியை 'இரண்டாகப் பிளந்த பாக்கு' என்பார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அம்மா ஞாபகமும்.

அம்மா புகையிலையைத் தொட்டதே இல்லை. வெறும் பாக்குதான், நாள் முழுக்கக் கன்னத்தில். முதலில் ரசத்தின் காரம்கூட எரிந்தது. பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கஞ்சி ஸ்பூன்கூட உள்ளே போகவில்லை. புற்றுநோய் என்றார் டாக்டர். எட்டு மாதம்கூட இருக்கவில்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் அறிக்கை வெளியிட்டிருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். காரம் எரிந்தாலோ வாய் இறுகினாலோ தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள், சகோதரிகளே.

மறுநாள் தட்டு மாற்றியானதும், மாப்பிள்ளையின் பாட்டி ஒரு சுருள் மடித்துப் பெண்ணிடம் நீட்டினார். "போட்டுக்கோம்மா. நாக்கு சிவந்தா புருஷன் பிரியமா இருப்பான்."

பெண் என்னைப் பார்த்தாள். தங்கையும் பார்த்தாள். சம்பந்தி வீடு; எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னேன்: "தப்பா நினைக்காதீங்கம்மா. எங்கம்மா இதனாலதான் போனாங்க. கையில வாங்கிக்கட்டும், வாயில வேணாம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டி சுருளைப் பிரித்தார். பாக்கை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, வெறும் வெற்றிலையில் இரண்டு கற்கண்டு வைத்து மடித்து, தானே ஊட்டிவிட்டார்.

பாக்குவெட்டி இப்போது தங்கை வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.