விண்கலத்துக்கு வேதாரண்யத்து உப்பு

வேதாரண்யத்தில் இரும்பை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவன் ஏமாந்தான். ஜன்னல் கம்பியும் சைக்கிள் ரிம்மும் கதவுக் கொண்டியும் எங்கள் ஊரில் பூர்ணாயுசு இருந்து போவதில்லை. பாதி வயதிலேயே செக்கச்செவேலென்று பூத்து உதிர்ந்துவிடும். 1930 ஏப்ரல் 30-இல் ராஜாஜி இங்கே அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளியபோது, அந்த உப்பு வெள்ளைக்காரனின் சட்டத்தை அரித்தது என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. வாஸ்தவம். ஆனால் சட்டம் போன பிறகும் உப்பு தன் வேலையை நிறுத்தவில்லை. எங்கள் கதவுக் கீல்களை இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், துருவே பிடிக்காத பிளாஸ்டிக் சாமான் ஒன்றுக்கு மூன்று நாள் மெனக்கெட்டுக் கறை பூசினேன் என்றால் நம்புவீர்களா? எனக்கே இப்போது நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது.

சாமான் ஒரு விண்கலம். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் 'மில்லெனியம் ஃபால்கன்' என்று ஒரு கப்பல் பறக்கும். வட்டத் தோசைக்கு முன்னால் இரண்டு கொம்பு முளைத்தாற்போல் இருக்கும். அமெரிக்காவின் எம்.பி.சி. கம்பெனி 1979-இல் அதை ஒட்டிச் செய்கிற மாடலாகப் பெட்டியில் போட்டு விற்றது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, பிசிறு தேய்த்து, பசை வைத்து ஒட்டி, வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

அந்தப் பெட்டியை 1981-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவர் என் அண்ணன். அங்கே கப்பல் பழுது பார்க்கும் தளம் ஒன்றில் அவருக்குத் துரு நீக்கும் வேலை. சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் ரெட் ஆக்ஸைடு அடித்து, அதன்மேல் வர்ணம் பூசுவது. அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி படித்தேன். அந்தச் சம்பளத்தில்தான் எழுத்தாளனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

லீவில் வந்தவர் எல்லாருக்கும் துணிமணி, எனக்கு ஒரு பேனா, எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் இந்தப் பெட்டியை எடுத்தார். "எனக்கே எனக்குன்னு வாங்குனது" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"என்ன அண்ணே, முப்பத்து நாலு வயசுல பொம்மையா? காசைக் கரியாக்கிட்டீங்களே!" என்றேன் நான்.

அண்ணன் சிரித்தார். அவர் எதற்குமே கோபித்துக்கொண்டதில்லை. பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அப்புறம் முப்பது வருஷம் அவர் அதைத் தொடவில்லை. 2011-இல் காலமானார். பெட்டி பரணிலேயே இருந்தது.

அண்ணன் மகனுக்குச் சென்னையில் உத்தியோகம். இந்த மாடல் விவகாரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிரிக்காத பழைய பெட்டிக்குச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்களாம். "தொடாதீங்க சித்தப்பா, பிரிச்சா மதிப்புப் போயிடும்" என்று என்னை எச்சரித்து வைத்திருந்தான்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வந்து இந்த வியாபாரத்தைத் தீர்த்து வைத்தது. வீட்டு ஓடுகள் பறந்தன. பரணில் மழை கொட்டிற்று. அட்டைப் பெட்டி கூழாகி, மேலே இருந்த அழகான படம் கையோடு வந்தது. செய்முறைத் தாளும், கலத்தில் ஒட்ட வேண்டிய சின்னங்களும் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாகிவிட்டன. பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"இனிமே இதை யாரு வாங்கப் போறா? அவரு ஆசைப்பட்டது. செஞ்சுதான் பாருங்களேன்" என்றார் அண்ணி.

அடுத்த மே மாதம் அவன் லீவில் வந்தபோது உட்கார்ந்தோம். கத்தி, உப்புத்தாள், பசை எல்லாம் அவன் கொண்டுவந்திருந்தான். அந்தப் பசை இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து, பற்றவைத்தது போல் ஒன்றாக்கிவிடுகிறது. பழைய அச்சில் வார்த்த துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. இடுக்குகளில் மக்கு வைத்து இழைத்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் கப்பல் உருவாகிவிட்டது. பார்க்கப் புதுப் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது.

"இனிமேதான் சித்தப்பா வேலையே. இதைப் பழசாக்கணும்."

அதற்கு ஒரு சரித்திரமே உண்டு என்று விளக்கினான். பழைய படங்களில் விண்கலங்கள் பெரும்பாலும் அப்போதுதான் கடையிலிருந்து வந்தவை போல் மின்னுமாம். 1965-இல் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் டெரக் மெடிங்ஸ் என்ற நிபுணர் தம் மாடல்களுக்கு அழுக்குப் பூசினார். உடனே அவை நிஜ யந்திரங்களைப் போல் கனத்துத் தெரிந்தன. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ் தம் கப்பல்கள் உழைத்துக் களைத்தவையாக இருக்க வேண்டும் என்றார். அவருடைய ஆட்கள் கடையில் விற்கும் டாங்கி, விமான மாடல்களைக் குவியல் குவியலாக வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளையே கப்பலின் மேலெல்லாம் ஒட்டினார்கள். பிறகு புகையும் கறையும் ஏற்றினார்கள்.

பழசாக்குவதற்கு அவன் சொன்ன முறையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் செங்காவி நிறம் அடிக்க வேண்டும். காய்ந்ததும் மேலே தண்ணீரைத் தொட்டுவிட்டு உப்பைத் தூவ வேண்டும். உப்பு ஒட்டிக் காய்ந்தபின், அதன்மேல் சாம்பல் வெள்ளை அடிக்க வேண்டும். அதுவும் காய்ந்தபின் ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிரும். உதிர்ந்த இடமெல்லாம் அடிச்சிவப்பு தெரியும். பார்த்தால் வர்ணம் பெயர்ந்த பழைய கப்பல்தான்! சீமையில் மாடல் செய்கிறவர்கள் இதற்கென்று மெனக்கெட்டு உப்பு எடுத்துவைத்துக்கொள்கிறார்களாம்.

அண்ணி சமையலறையிலிருந்து ஒரு கை கல்லுப்பு கொண்டுவந்தார். கல் பெரிதாக இருந்ததால் உருண்டு விழுந்தது. உரலில் போட்டுப் பொடித்துச் சலித்தோம். அவன் கோலமாவு போல் எங்கும் ஒரே சீராகத் தூவினான். மேலே வர்ணம் அடித்துக் காயவிட்டு, உப்பை உதிர்த்துப் பார்த்தால், கப்பலுக்கு அம்மை போட்டிருந்தது.

"என்னவோ சரியா இல்லையே" என்றான்.

எனக்கு அண்ணன் எழுதிய ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. இரும்புப் பெட்டியைக் குடைந்து எடுத்தேன். படம் பார்த்துவிட்டு எழுதியது. "தம்பி, அந்தக் கப்பலைப் பார்த்தா நம்ம தளத்துக்கு வர்ற கப்பல் மாதிரியே இருக்கு. இதுல எவ்வளவு துரு தட்டியிருப்பேன்! ஆனா ஒண்ணு. துரு நடுத்தகட்டுல சும்மா வராது. ஓரத்துல வரும். போல்ட்டு தலையில வரும். வெல்டு வச்ச தையல்ல வரும். தண்ணி எங்க நிக்குதோ அங்க வரும். மனுஷன் கால் படற இடத்துல பெயிண்டு முதல்ல போகும். கப்பலைப் பார்த்தே அது எந்த வழியா வந்துதுன்னு சொல்லிடலாம்."

கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். முதல் தடவை படித்தபோது கடைசி வரி எனக்குப் பட்டதாகவே ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் அதைத்தான் நான் நாற்பது வருஷமாக நாவல்களில் செய்யப் பார்க்கிறேன். ஒரு மனிதனுக்குச் சோகமுகம் வைத்துவிட்டால் போதாது. அந்தச் சுருக்கம் எந்த இடத்தில், எதனால் விழுந்தது என்று தெரிய வேண்டும். காரணமில்லாத கறை பொய்க் கறை.

அவன் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை மௌனமாகப் படித்தான். பிறகு முழு வர்ணத்தையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"விண்வெளியில் காத்தும் இல்லை, தண்ணியும் இல்லை. அங்கே துருவே வராது சித்தப்பா."

"அப்படியானால் எங்கே வரும்?"

"இறங்குற இடத்துல. அதனால கால்ல மட்டும் துரு. முகப்புல காத்தோட உராய்ஞ்ச கருக்கல். பின்னாடி புகை."

2007 ஜனவரியில் நம் இஸ்ரோ ஒரு கலத்தை அனுப்பி, பன்னிரண்டு நாள் பூமியைச் சுற்றவிட்டு, இதே வங்காள விரிகுடாவில் இறக்கி மீட்டதை அவன் நினைவூட்டினான். காற்றுமண்டலத்துக்குள் திரும்பி நுழையும் சூட்டைத் தாங்க அதற்கு விசேஷ ஓடுகள் பதித்திருந்தார்களாம். சூடும் உப்புத் தண்ணீரும் அடுத்தடுத்துப் படும் பாட்டைக் கற்பனை செய்தபடியே வேலை செய்தோம். உப்பை ஓரங்களிலும், ஆள் ஏறும் இடத்திலும், தகடு கழற்றிப் பழுது பார்க்கும் இடங்களிலும் மட்டும் வைத்தோம். பழுப்பு வர்ணத்தை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டுத் துடைத்தோம். சுண்ணக்குச்சிப் பொடியில் கரி கலந்து புகை ஏற்றினோம்.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, அவரு ஆயுசு பூரா துருவைத் தட்டித் தட்டி எடுத்தாரு. ராத்திரி கையை மடக்க முடியாம தேங்காய் எண்ணெய் தடவிக்குவாரு. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து அதைத் திரும்ப வைக்கிறீங்களே!"

எங்கள் இருவர் கையும் நின்றுவிட்டன. என்ன பதில் சொல்வது? அண்ணி எழுந்து வந்து கப்பலைக் கையில் எடுத்தார். வர்ணம் பெயர்ந்து சிவப்புத் தெரிந்த ஓர் ஓரத்தை விரலால் தடவினார்.

"இது துரு இல்லியே. இது அவரு அடிக்கிற ரெட் ஆக்ஸைடுல்ல? சட்டையெல்லாம் இந்தக் கலருதான் இருக்கும்" என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு பிரஷ்ஷைக் கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான்.

'காசைக் கரியாக்கிட்டீங்களே' என்று நான் சொன்னதை இனி வாபஸ் வாங்க முடியாது. அண்ணன் அதை அன்றே மறந்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் பெட்டி பிரியாமலே கிடந்ததை நினைத்தால், மறந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கப்பலை ஒரு பூவரசம் பலகைமேல் நிறுத்தி, அண்ணன் படத்துக்குக் கீழே வைத்தோம். பலகையைச் சேர்த்து ஆணி அடித்தது மட்டும் என் கைவேலை. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள். போன வாரம் வந்த ஒரு சிநேகிதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் சரி. ஆனால் இந்த இடத்தில் துரு பூசியிருக்கிறீர்களே, அசல் துரு தோற்றுவிடும்!" என்று வியந்தார்.

அவர் விரல் காட்டிய இடம் நான் அடித்த ஆணி.

அது வேதாரண்யத்துக் காற்றின் வேலை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.