இரு குலத்து வீரரும் ஒரு களமும்

வீரர் கதைகளைக் கேட்டு வளரும் சிறுவர் அனைவருக்கும் ஒரு வினா தோன்றுவதுண்டு. ஒரு கதையில் எவராலும் வெல்லப்படாத வீரனும், வேறொரு கதையில் எவராலும் வெல்லப்படாத வீரனும் நேருக்கு நேர் நின்றால் வெற்றி யாருடையது என்பதே அவ்வினா. பெரியோர் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுவர். ஆயினும் மகாபாரதத்தின் வனபருவத்திலே, மலர் தேடிச் சென்ற வீமன் வழியிற் கிடந்த முதிய குரங்கொன்றின் வாலை அகற்ற முயன்று, இயலாது நாணி நின்ற வரலாற்றை நாம் அறிவோம். அக்குரங்கு இராமகதையின் அனுமனே. ஒரு காவியத்தின் வீரன் மற்றொரு காவியத்தின் வீரனைச் சந்திக்கக் காணும் இன்பத்தைப் பண்டைக் கதாசிரியரும் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வின்பத்தையே பொருளாகக் கொண்டு எழுந்தது ‘மார்வெல் வெர்சஸ் காப்காம் 2’ என்னும் வீடியோ கேம். அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதைகளில் உலவும் ஸ்பைடர்மேன், ஹல்க், வுல்வரின் முதலியோர் ஒரு குலத்தார். ஜப்பான் நாட்டு ஒசாக்கா நகரைச் சார்ந்த காப்காம் நிறுவனத்தின் விளையாட்டுகளிற் பிறந்த ரியூ, சுன்-லி, மெகா மேன் முதலியோர் மற்றொரு குலத்தார். இவ்விரு குலத்தாரும் ‘மார்வெல் வெர்சஸ் காப்காம்’ என்ற பெயரில் 1998-ஆம் ஆண்டிற் களம் கண்டனர். அதன் தொடர்ச்சியாகக் காசிட்டு ஆடும் ஆர்கேட் பொறிகளில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்ததே இவ்விரண்டாம் விளையாட்டு. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில், இவ்வினத்துப் பழைய விளையாட்டுகள் ஏழினை ஒரே தொகுப்பாக்கிக் காப்காம் நிறுவனத்தார் மீண்டும் வெளியிட்டனர். அத்தொகுப்பைப் பெற்று, நண்பர் ஒருவருடன் மாலைதோறும் பத்து நாட்கள் ஆடியதில் என் உள்ளத்திற் பதிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். ஆண்டுக்கணக்கிற் பயின்று தேர்ந்தவரது தீர்ப்பாக இதனைக் கொள்ளாது, புதிதாய் வந்தவன் ஒருவனது முதற்காட்சியாகவே அன்பர்கள் கொள்வாராக.

இலக்கண நூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுத்துரைப்பர். முன்னதன் வழியிற் சென்று, வேண்டிய வேறுபாடுகளையும் தன்னகத்தே கொள்வது வழிநூலின் இயல்பு. தொகுப்பிலே முதல் விளையாட்டும் இரண்டாவதும் அருகருகே இருத்தலால், ஒரே மாலையில் இரண்டையும் ஆடி, எது நிலைத்தது, எது மாறியது என்று ஒப்புநோக்க எனக்கு வாய்த்தது. முதல் விளையாட்டில் ஆடுவோன் இருவரைத் தேர்ந்து களத்தில் இறங்குவான். இவ்விருவரன்றித் துணைவன் ஒருவனும் உண்டு. ஆனால் அவன் பெரும்பாலும் குலுக்கலில் வந்து வாய்ப்பவன். எண்ணிய சில முறையே அவனை அழைக்கலாம். வெளிப்படையாகத் தேர்ந்துகொள்ள நின்ற வீரர் 15 பேர். இரண்டாம் விளையாட்டிலோ குலத்திற்கு 28 பேராக 56 வீரர் நிற்கின்றனர். ஆடுவோன் மூவரைத் தேர்கின்றான். களத்தில் ஒருவன் போரிட, ஏனைய இருவரும் பின்னே காத்திருப்பர். ஒரு பொத்தானை அழுத்தினால் அவருள் ஒருவன் ஓடி வந்து, தனக்குரிய ஓர் அடியை அடித்துவிட்டு மறைவான். அழைப்புக்கு எண்ணிக்கை வரம்பில்லை; எனினும் துணைக்கு வந்தவனும் அடிபடுவான் என்பதால் எண்ணாது அழைத்தல் ஆகாது. பின்னே ஒதுங்கி நிற்பவன் தான் இழந்த உயிரில் ஒரு பங்கை மீளப் பெறுகின்றான்.

கணிதம் பயிலும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம். 15 பேரில் இருவரைத் தேர்வதற்கு 105 வழிகளே உண்டு. 56 பேரில் மூவரைத் தேர்வதற்கு 27,720 வழிகள் உண்டு. ஒவ்வொரு வீரனுக்கும் மூவகைத் துணையடிகளுள் ஒன்றை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டுமாதலின், அதனையும் கூட்டிக் கணக்கிட்டால் 7,48,440 வழிகள் ஆகின்றன. இத்துணைப் பெருக்கத்திற்கு இடமளித்தவர் பொத்தான்களை மட்டும் பெருக்கினாரில்லை. முன்னர்க் கைக்கு மூன்றும் காலுக்கு மூன்றுமாக இருந்த ஆறனுள், இப்பொழுது கைக்கு இரண்டும் காலுக்கு இரண்டுமே எஞ்சின. மற்றை இரண்டும் பின்னிற்கும் தோழர் இருவர்க்கும் உரியவாயின. தன் அடிகளிற் சிலவற்றைக் குறைத்துக்கொண்டு தோழரை அழைக்கும் ஆற்றலைப் பெறுதல் என்னும் இம்மாற்றமே இவ்விளையாட்டின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகின்றது.

கண்ணுக்கும் செவிக்கும் இது ஒருங்கே வியப்பையும் தயக்கத்தையும் தந்தது. பின்னணிக் காட்சிகள் முப்பரிமாணமாய் விரிகின்றன. வீரர்களோ தட்டையாகத் தீட்டிய பழைய சித்திரங்கள். அவருட் சிலர் முன்னைய விளையாட்டுகளிலிருந்து அவ்வாறே எடுத்து வரப்பட்டவராதலின், புத்தாடை அணிந்தார் நடுவே பழந்துணி உடுத்து வந்த விருந்தினர் போல் நிற்கின்றனர். 56 பேர் என்று எண்ணுங்கால் வுல்வரின் இருமுறை எண்ணப்படுகின்றான். ஒருவனுக்கு உலோக நகம், மற்றவனுக்கு எலும்பு நகம். இசையும் எதிர்பாராதது. போர்முரசு ஒலிக்கும் என்று காத்திருந்த செவியிலே, மாலைநேர விருந்தொன்றிற் கேட்பது போன்ற ஜாஸ் இசை வந்து விழுகின்றது. முதல் நாள் அது எனக்குப் பொருந்தாததாகத் தோன்றியது. நான்காம் நாள் நடக்கும்பொழுதும் அதனையே வாய் முணுமுணுத்தது.

நிற்க. இனி இவ்விளையாட்டின் பெருங்குறையைக் கூறவேண்டும். வாயிலில் 56 பேர் நிற்பினும், வெற்றியொன்றையே வேண்டுவோர் அழைப்பவர் மிகச் சிலரே. மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்னும் நால்வரும் ஏனையோரினும் மிக உயர்ந்து நிற்கின்றனர். போட்டிகளில் தேர்ந்தவர் ஆடிய ஆட்டங்களைக் காண்பார்க்கு இந்நால்வரது முகங்களே மீண்டும் மீண்டும் தோன்றும். ஒருமுறை அகப்பட்டவன் மீளாவண்ணம் அடித்துக்கொண்டே இருக்கும் காம்போக்களும் உள. விருந்துக்கு அனைவரையும் அழைத்துவிட்டு நால்வர்க்கே இலையிட்டது போன்றது இது.

என் நண்பர் இக்குறையைத் தம் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டார். மெகா மேன் கதையில் வரும் ரோல் என்னும் சிறுமியையே அவர் முதல் நாள் தொட்டுத் தேர்ந்து வந்தார். அவளோ இவ்விளையாட்டின் மிக மெலியோருள் ஒருத்தி. யான் மேக்னீட்டோவைக் கொண்டு அவளை நாள்தோறும் வீழ்த்தினேன். ஐந்தாம் நாள் மாலையில், வேறு எவரையேனும் தேர்ந்துகொள்ளலாகாதா என்று அவரைக் கேட்டேன். அவளை விட்டுவிட்டு வென்றால், அவ்வெற்றி அந்த வீரனுடையதேயன்றித் தம்முடையது ஆகாது என்றார். அவர் சினந்து கூறினாரில்லை. ஆயினும் அச்சொல் என் ஆட்டத்தின் இன்பத்தைச் சிறிது குறைத்தது. விரும்பியவனோடு தோற்பதா, விரும்பாதவனோடு வெல்வதா என்னும் வினாவை இவ்விளையாட்டு ஒவ்வொருவரிடமும் கேட்கின்றது. களத்திற்கு வெளியேயும் நாம் எதிர்ப்படும் வினாவே அது.

விடையை அவர் தேடிக் கண்டது பின்வரிசையிலே. காப்டன் கமாண்டோ என்றொரு வீரன் உளன். அவனது பெயரின் இரு சொற்களிலும் முதற்பகுதியை எடுத்துக் கூட்டினால் காப்காம் என்னும் நிறுவனத்தின் பெயரே வரும். முன்னின்று போரிடுவதில் அவன் சிறந்தோர் வரிசையிற் சேரான். ஆனால் துணைக்கு அழைத்தாலோ, தரையிலிருந்து வான் நோக்கி மின்தூண் ஒன்றை எழுப்பி, மேலிருந்து பாய்வோரைத் தடுத்து நிறுத்துவான். அவ்வொரு செயலுக்காகவே பெரும்போட்டியாளரும் அவனை விரும்பித் தம் குழுவிற் சேர்ப்பர். நண்பர் அவனை ரோலின் பின்னே நிறுத்தினார். எட்டாம் நாள் ஆட்டத்தில் என் மேக்னீட்டோ சிறிதே உயிர் எஞ்சி வானிலிருந்து பாய்ந்தான்; தூண் எழுந்தது; அவன் நிலைகுலைந்த கணத்தில் ரோல் அடித்த சிறு அடி ஒன்று ஆட்டத்தை முடித்தது. நண்பர் எழுந்து நின்று கைகொட்டினார். தோற்ற யானும் உடன் கொட்டினேன். ஒருவனது மதிப்பை அவன் தனித்துப் போரிடும் வலிமையால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதைப் பட்டியல்களில் வாசித்தறிவது வேறு. கண்ணெதிரே காண்பது வேறு.

இதன் மறுபுறத்தையும் இவ்விளையாட்டு காட்டாமல் விடவில்லை. இருவர் வீழ்ந்து ஒருவனே எஞ்சும் வேளை எல்லா ஆட்டத்திலும் வருவதுண்டு. அப்பொழுதும் அவ்விரண்டு பொத்தான்களும் விரலடியில் இருக்கின்றன. பழக்கத்தால் விரல் அழுத்துகின்றது, எவரும் வருவதில்லை. எத்துணை வலியவனாயினும் அவ்வேளையில் அவன் நடை மாறுகின்றது. பாய்ந்து தாக்கியவன் பின்வாங்கிக் காலம் பார்க்கின்றான். முதல் விளையாட்டில் தனிமை எனக்கு இத்துணைக் கூர்மையாய்ப் புலப்பட்டதில்லை. துணையின் அருமை துணை நீங்கியபொழுது தெரிதல் உலக இயற்கை போலும்.

இவ்விளையாட்டே அத்தகைய பிரிவொன்றைக் கண்டதாகும். 2009-ஆம் ஆண்டில் இது இணையவழி விற்பனைக்கு வந்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையே இருந்த உரிம ஒப்பந்தம் முடிவுற்றமையால் 2013-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விற்பனை நின்றது. பின் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு மேலாக, பழைய பொறியோ வட்டோ வைத்திருந்தவரும், முன்னரே வாங்கியிருந்தவருமே பெரும்பாலும் இதனை ஆட முடிந்தது. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார்வெல் வெர்சஸ் காப்காம்: இன்ஃபினிட்’ என்னும் விளையாட்டில் எக்ஸ்-மென் குழுவினர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. ஒருவருக்கே உரிய பொருளை அவர் ஒருவரே காக்கலாம். இருவர் கூடிப் படைத்ததோ இருவரும் உடன்பட்டிருக்கும்வரைதான் வாழும். 2024-ஆம் ஆண்டில் அவ்வுடன்பாடு மீண்டதனாலன்றோ 56 பேரும் முதல் நாளிலேயே எம்முன் வந்து நின்றனர்!

ஆகவே, வழிநூல் முதனூலை விஞ்சியதா என்று வினவுவார்க்கு எனது விடை இது: ஒழுங்கில் முதலதே சிறந்தது, இரண்டாவது சமனற்றது, இரைச்சலுடையது, சில இடங்களில் ஒட்டுத்துணி போன்றது. ஆனால் மெலியவனுக்கும் ஓரிடம் வைத்து, அவ்விடத்தைத் தேடிக் கண்டுகொள்ளும் பொறுப்பை ஆடுவோனிடமே விட்ட பெருமை இரண்டாவதற்கே உரியது. ஓய்வுநேரத்தில் இதனை ஆடப் புகும் நம் மாணவர், வலிய நால்வரைத் தேர்வதற்கு முன், தமக்கு இனியவன் ஒருவனைத் தேர்ந்து, அவன் பின்னே எவரை நிறுத்தலாம் என்று சிறிது சிந்திப்பாராக.